எந்தக் கம்பெனி கார்டு உழைக்கும்?

செகந்திராபாத்தில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

படிக்கவும் வேலை பார்க்கவும் ஹைதராபாத்துக்கு வந்து, கச்சிபௌலியிலும் அமீர்பேட்டையிலும் கூகட்பள்ளியிலும் ஹாஸ்டல் அறைகளில் தங்கியிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பிளெண்டர் கற்கிறவர்கள், அனிமேஷன் ஸ்டுடியோ வேலைக்கு ஷோரீல் தயாரிக்கிறவர்கள், ஏஐ மாடலைச் சொந்த மெஷினில் ஓட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து இரவில் ஒரு கேம் ஆடுகிறவர்கள் என எல்லாரும் உங்களில் உண்டு. புதுக் கார்டின் விலை உங்கள் சம்பளத்துக்கும் ஸ்டைபண்டுக்கும் எட்டுவதில்லை. அதனால் ராய்துர்க்கத்திலோ மாதாப்பூரிலோ மெட்ரோ ஏறி, நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் பாரடைஸில் இறங்கி, பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்கு (சி.டி.சி.) போகிறீர்கள். சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு சி.டி.சி. புதிதாகத் தெரியாது.

போவதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணா, எந்த பிராண்ட் நம்பி வாங்கலாம்? ஜோடாக் ஓகேவா? கிகாபைட் சீக்கிரம் போயிடுமாமே?" ஒரே பெயரில் பதில் சொல்லிவிட்டால் உங்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பிப் பழைய கார்டு வாங்கியவர்களின் பணம் போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பழைய கார்டு விஷயத்தில் பிராண்டைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் மாடலைக் கேளுங்கள், அடுத்து அந்தக் கார்டு எங்கே எப்படி வாழ்ந்தது என்று கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அட்டைப் பெட்டியில் இருக்கும் பெயர் கார்டின் ஒரு பகுதிக்குத்தான் பொறுப்பு. சிப்பை வடிவமைப்பது என்விடியா அல்லது ஏஎம்டி. அதை அச்சிடுவது பெரும்பாலும் தைவானின் டிஎஸ்எம்சி; ஆர்டிஎக்ஸ் 30 வரிசையைச் சாம்சங் தயாரித்தது. மெமரி மைக்ரானிடமிருந்தோ சாம்சங்கிடமிருந்தோ ஹைனிக்ஸிடமிருந்தோ வரும். அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஜோடாக், சஃபையர் போன்றவர்கள் செய்வது போர்டு, மின்சாரம் சீராக்கும் பகுதி, ஹீட்சிங்க், ஃபேன், பிறகு வாரண்டி. கார்டு சாகும்போது இவற்றில் எது செத்தது என்று பார்த்தால், பல சமயம் பெட்டியில் பெயர் போட்டவருக்கு அதில் கையே இருந்திருக்காது.

2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகளில் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததாக ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கி வைத்தது. டெல், எச்பி, ஆப்பிள் மூன்றின் லேப்டாப்களும் அதில் மாட்டின. அன்றைக்கு "டெல் நல்லதா, எச்பி நல்லதா" என்ற விவாதத்துக்கு அந்தச் சிப்பு விஷயத்தில் அர்த்தமே இல்லை. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ வந்த புதிதில் திரையில் புள்ளியும் கோடுமாகக் கொட்டிய கார்டுகளும் அப்படித்தான். சோதனையில் தப்பிய சரக்கு வெளியே போய்விட்டது என்று என்விடியாவே சொன்னது. 2025 பிப்ரவரியில், ஆர்டிஎக்ஸ் 5090 சிலவற்றின் சிப்பில் 176 இருக்க வேண்டிய ஆர்ஓபி என்ற உள் அலகுகள் 168 மட்டுமே இருந்தன. பல பிராண்டுகளின் பெட்டியிலிருந்தும் அந்தக் குறைக் கார்டுகள் வந்தன. பாதிப்பு அரை சதவீதம் என்று கணக்குச் சொல்லி, மாற்றித் தருவதாக என்விடியா அறிவித்தது. மாற்றிக்கொள்ளாமல் விற்றுவிட்டவரின் கார்டு உங்கள் கைக்கு வந்து சேரலாம். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பது அரை நிமிட வேலை.

மறுபக்கம், பிராண்டின் தவறாகவே இருந்தவையும் உண்டு. அவையும் அந்த பிராண்ட் முழுவதையும் தொட்டதில்லை. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற கேமின் சோதனைப் பதிப்பை ஓட்டியபோது ஈவிஜிஏ-வின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில செத்தன. சால்டரிங் சரியில்லாத ஆரம்பக் கால உற்பத்தி அது, சுமார் இரண்டு டஜன் கார்டுகள் என்று கம்பெனி விளக்கம் தந்து மாற்றிக் கொடுத்தது. வாரண்டிக்குப் பேர்போன அதே ஈவிஜிஏ 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டுவிட்டது. நல்ல பெயரும் நிரந்தரம் இல்லை. 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டில் ஏஎம்டி தானே வடிவமைத்த கூலர் கொண்டவை சில 110 டிகிரியைத் தொட்டன. வேப்பர் சேம்பருக்குள் தண்ணீர் போதவில்லை என்று அடுத்த மாதம் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. அந்தக் கூலர் பல பிராண்டுகளின் பெயரில் விற்பனைக்குப் போனது. அதே பிராண்டுகள் தாமே கூலர் செய்து விற்ற 7900 எக்ஸ்டிஎக்ஸுக்கு இந்த வியாதி கிடையாது. ஆக "சஃபையர் நல்லதா" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். சஃபையரின் எந்தக் கார்டு என்பது மீதிப் பாதி.

கிகாபைட் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஃபேன் வைத்த கனமான கார்டுகளில், மதர்போர்டின் பூட்டில் மாட்டும் கொக்கிக்கு அருகே போர்டு விரிசல் விடுவதைப் பழுது பார்ப்பவர்கள் 2023-இல் படத்துடன் காட்டினார்கள். வாரண்டியில் ஏற்கவில்லை என்ற புகார்களும் கூடவே வந்தன. அந்தப் புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் சப்போர்ட் இல்லாமல் கேபினெட்டில் தொங்கவிட்டு, அப்படியே விஜயவாடாவிலிருந்து பஸ் பார்சலில் அனுப்பினால் எந்தப் பெயர் போட்ட போர்டும் விரிசல் விடும். போன் டார்ச்சை அடித்து அந்தக் கொக்கி மூலையைப் பாருங்கள். எல்லா பிராண்டிலும் பாருங்கள்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: பிரான்சில் ஹார்டுவேர்.எஃப்ஆர் என்ற இதழ் பல ஆண்டுகள், ஒரு பெரிய கடைக்குத் திரும்பி வந்த சரக்கின் விகிதத்தை பிராண்டு வாரியாகவும் மாடல் வாரியாகவும் வெளியிட்டு வந்தது. பிராண்டுகளுக்கு இடையில் வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதம்தான். மாடல்களுக்கு இடையில் அது பல மடங்கு விரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மாதிரிக் கணக்கெல்லாம் புதுக் கார்டு முதல் ஓராண்டுக்குள் திரும்பி வருவதைப் பற்றியது. பிறவிக் குறை உள்ளவை அதற்குள் பெரும்பாலும் கழிந்துவிடும். உங்கள் கைக்கு வரும் நான்கு வயதுக் கார்டு அந்தப் பரீட்சையில் தேறியது. இனி அதைக் கொல்லப் போவது சூடும் தேய்மானமும்.

இங்கே ஆர்டிஎக்ஸ் 3090 பற்றி நின்று பேச வேண்டும். ஏஐ படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் தேடுவது அதைத்தான், 24 ஜிபி மெமரிக்காக. 2020 செப்டம்பரில் வந்த அந்தக் கார்டில் ஒரு ஜிபி மெமரி சிப்புகள் 24 இருக்கின்றன. அவற்றில் 12 போர்டின் பின்பக்கம். முன்பக்கம் பெரிய ஹீட்சிங்க்கும் ஃபேனும் இருக்க, பின்பக்கச் சிப்புகளுக்கு வெறும் தகடும் தெர்மல் பேடும்தான் கதி. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியோ இயல்பிலேயே சூடு கக்கும். 110 டிகிரியில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். இத்தகைய கார்டுகளை எத்தீரியம் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓட்டினார்கள். மைனிங்கில் சிப்புக்குச் சுமை குறைவு, மெமரிக்குத்தான் முழுச் சுமை. சிப்பின் சூடு 60 டிகிரி என்று காட்டிக்கொண்டே மெமரி 105-இல் வெந்துகொண்டிருக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. உலகம் முழுக்க அந்தக் கார்டுகள் சந்தைக்கு வந்தன, இங்கேயும் வந்தன. 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ-யில் இரண்டு ஜிபி சிப்புகள் 12, எல்லாமே முன்பக்கம். விலை கொஞ்சம் கூடினாலும், பழையது வாங்கும்போது எனக்கு மனம் ஒப்புவது அதுதான். மின்சாரம் அதிகம் இழுக்கும், பவர் சப்ளையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3090-தான் வேண்டும் என்றால் எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி ஜங்ஷன் சூட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடை ஏசியில் 24 டிகிரி. உங்கள் ஹாஸ்டல் அறையில் ஏப்ரல் மத்தியானம் 36 இருக்கும். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் கார்டிலும் ஏறும். கடையில் 98 காட்டும் மெமரி உங்கள் அறையில் 110-ஐ முட்டும். இந்தக் கூட்டலைக் கடைக்காரர் போடமாட்டார், நீங்கள்தான் போட வேண்டும். தெர்மல் பேட் மாற்றினால் கணிசமாக இறங்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மைனிங் கார்டு என்றாலே ஓடிவிடாதீர்கள் என்றும் சொல்வேன். சால்டர் இணைப்புகளைத் தளர்த்துவது பெரும்பாலும் சூடேறிச் சூடேறி ஆறுவது. ஒரே சூட்டில் நாள் முழுதும் ஓடிய கார்டுக்கு அந்த அலைச்சல் குறைவு. காற்றோட்டமான ரேக்கில், குறைந்த மின்சாரத்தில் அக்கறையாக ஓட்டியவரின் கார்டு, தூசி அடைந்த கேமிங் சென்டரில் கிடந்ததைவிட நன்றாக இருக்கக்கூடும். ஃபேன் பேரிங் மட்டும் நிச்சயம் தேய்ந்திருக்கும், அதை மாற்றலாம். மைனிங்கில் ஓடியதை மறைப்பவரிடம்தான் வாங்கக் கூடாது. பயாஸை மாற்றியிருந்தால் பழைய பயாஸ் திரும்ப ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கார்டையும் ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள். சென்னை, விசாகப்பட்டினம் உப்புக்காற்று இரும்புப் பிராக்கெட்டில் துருவாகவும், அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூப்பாகவும் தெரியும். ஹைதராபாத்தின் காற்று காய்ந்தது, அந்த வகையில் இந்த ஊர்க் கார்டுக்கு ஒரு அனுகூலம். இங்கே எதிரி தூசி.

அடுத்தது மோசடி. இதில் பிராண்டுப் பெயர் உங்களைக் காப்பாற்றவே காப்பாற்றாது. பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போர்டுகளின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கதை பழையது. அதற்காகவே 2018-இல் ஜிபியு-இசட், போலியைக் கண்டால் எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தது. இன்னும் நுட்பமான ஒன்று ஆர்எக்ஸ் 580. உண்மையான 580-இல் 2304 ஷேடர்கள். 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கு என்று வந்த 2048எஸ்பி என்ற வகையில் 2048 மட்டுமே, அதாவது உள்ளே இருப்பது 570. ஸ்டிக்கரில் 580 என்றே இருக்கும். லேப்டாப் சிப்பை டெஸ்க்டாப் போர்டில் ஒட்டிய 3060 வகையறா, ஆர்எக்ஸ் 6600எம் போன்றவையும் சுற்றுகின்றன. டிரைவர் தொல்லை உங்களுக்கு. ஆர்டிஎக்ஸ் 4090 விஷயத்தில் கொடுமை இன்னும் மேலே போனது. 2023 அக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இறுக்கிய பிறகு, சீனாவில் 4090 கார்டுகளிலிருந்து சிப்பையும் மெமரியையும் கழற்றி வேறு போர்டில் ஏற்றினார்கள். மிஞ்சிய காலிப் போர்டுகள் கூலரோடு முழுக் கார்டு போலவே பழைய சந்தையில் கைமாறின. ஓடிக் காட்டாத 4090-ஐ எந்த விலைக்கும் தொடாதீர்கள். ஓடிக் காட்டினாலும் அதன் பவர் கனெக்டரைப் பாருங்கள். 2022 அக்டோபர் முதல் அந்தக் கனெக்டர் உருகிய செய்திகள் வந்தன. ஒரு பின் கறுத்திருந்தாலும் வேண்டாம்.

கடையில் தெலுங்கில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "அன்னா, டெஸ்டிங் சேசி சூப்பிஞ்சண்டி." சோதித்துக் காட்டுங்கள் என்று பொருள். அரை மணி நேரம் சுமையில் ஓடட்டும். ஜிபியு-இசட்டில் ஷேடர், மெமரி வகை, அளவு பாருங்கள். யூனிஜின் சூப்பர்பொசிஷன் போன்ற ஒன்றை ஓட்டி, சிப்பின் சூட்டுக்கும், அதிலேயே மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட்டின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 10 முதல் 20 டிகிரி வரை சகஜம். 30-ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் இந்த ஹாட்ஸ்பாட் எண்ணையே என்விடியா மறைத்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு அது செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். ஓசிசிடி-யில் மெமரி சோதனை ஒரு சுற்று. எல்லா எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிளை மாட்டிப் பாருங்கள். கார்டு ஆறுவதற்குள் மெஷினை அணைத்து மறுபடி ஆன் செய்யச் சொல்லுங்கள். ஹாட் ஏர் காட்டி உயிர் கொடுத்த கார்டு சில நேரம் இந்த இடத்தில் டிஸ்ப்ளே வராமல் காட்டிக்கொடுக்கும்.

கண்ணால் பார்ப்பதும் உண்டு. ஸ்க்ரூ தலை தேய்ந்திருக்கிறதா? மெமரி சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் பிசுபிசுப்பு இருக்கிறதா? ஒரு தம்பி கொண்டுவந்த கார்டு புதுசு போல மின்னியது. நாலு வருஷக் கார்டு அப்படி மின்னக் கூடாது. தெர்மல் பேடின் எண்ணெய்க் கறைகூட இல்லாமல் கெமிக்கலில் கழுவியிருந்தார்கள். திறந்து பார்த்தால் இரண்டு மெமரி சிப்பு மாற்றியது. டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், பத்தாவது நாள் டிஸ்ப்ளே போயிற்று. பில் இல்லை. அந்தப் பணம் அவனுடைய அம்மா சீட்டு எடுத்து அனுப்பியது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்தக் கோபத்தில்தான்.

இனி பிராண்டுக்கு வருகிறேன், அதற்கும் ஒரு இடம் உண்டு. கார்டு வாரண்டிக்குள் இருந்தால் மட்டும் பிராண்டைக் கேளுங்கள். இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளுக்கு 3 ஆண்டு. 2021-இல் விற்ற 30 வரிசைக் கார்டுக்கு அது 2024-லேயே முடிந்தது. அதற்குப் பிறகு "அசூஸ் என்பதால் ஐயாயிரம் கூட" என்று யாராவது கேட்டால், அந்த ஐயாயிரத்துக்கு நீங்கள் வாங்குவது வெறும் ஸ்டிக்கர். 40, 50 வரிசை வாங்குகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அசல் பில் இருக்கிறதா, இந்தியாவில் விற்ற சீரியல்தானா, துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பையில் வந்ததா என்று கேளுங்கள். ஆன்லைனில் பதிவு செய்தால் கூடுதல் ஆண்டு தருகிற பிராண்டுகள், அந்தக் கூடுதலை முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று நிபந்தனை போடுவதுண்டு. சீரியல் எண்ணை வாங்கி அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் வாய்மொழி செல்லாது.

ஒரு பிராண்டுக்குள்ளேயே கூலரின் தரம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். அசூஸில் டியூஃப் வேறு, டூயல் வேறு. எம்எஸ்ஐ-யில் கேமிங் எக்ஸ் டிரையோ வேறு, வென்டஸ் வேறு. நல்ல கூலர் போட்ட ஜோடாக்கும் சிக்கனக் கூலர் போட்ட அசூஸும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் ஜோடாக்கை எடுப்பேன்.

கார்டு பிழைத்திருந்தும் பயனில்லாமல் போகும் வழியும் ஒன்று உண்டு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா 2025 அக்டோபரோடு வழக்கமான கேம் டிரைவர்களை நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. ஏஐ வேலைக்கு வேண்டிய என்விடியாவின் சூடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பும் அவற்றைக் கைவிட்டது. ஏஐ படிக்க 1080 டிஐ வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. கேம் மட்டும் போதும் என்பவர்கள், பழையதுக்குப் பணம் எண்ணும் முன் இன்டெல் ஆர்க் பி580 போன்ற புதுக் கார்டின் அன்றைய விலையையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வித்தியாசம் சில ஆயிரம்தான் என்றால் வாரண்டியோடு வருவதை எடுங்கள்.

கடையில் வாங்கினால் பில் கேளுங்கள். சீரியல் எண்ணும், எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதும் அதில் எழுதியிருக்கட்டும். அது கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். தனி ஆளிடம் வாங்கினால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அப்போது அவர் வீட்டுக்கே போய், அவருடைய மெஷினில் ஓடுவதைப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு வருஷத்தில் நீங்களும் இந்தக் கார்டை விற்பீர்கள், வாங்கப் போவது உங்களைப் போல ஊரிலிருந்து வந்த இன்னொரு பிள்ளை. பில்லைப் பத்திரமாக வையுங்கள். எங்கே வாங்கியது, பேஸ்ட் எப்போது மாற்றியது, ஃபேன் மாற்றியதா, என்ன வேலைக்கு ஓடியது என்று ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன், செகந்திராபாத்